எது காத்திருக்கும், எது காத்திருக்காது: திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு மருத்துவ வழிகாட்டி

எங்கள் ஒழுங்கைக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அம்புலன்ஸ் இலக்கம் 1990 ஐப் போனில் சேமித்து வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான். மாகாண சபை அலுவலகத்துக்கு மாற்றலாகி வருபவர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள், நிலாவெளி ஹோட்டல்களில் வேலைக்கு வருபவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து பழைய வளவில் வீடு கட்டுபவர்கள் எல்லோருக்கும் வருத்தம் வந்தால் எங்கே போவது என்ற கேள்வி வருத்தம் வந்த பிறகுதான் எழுகிறது. அது நடுச்சாமமாக இருந்தால் இன்னும் கஷ்டம்.

இதை நான் வைத்தியராக எழுதவில்லை. பல வருடமாக அம்மாவையும் அப்பாவையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு திரிந்ததில் கற்றதை எழுதுகிறேன். வருத்தத்தின் பெயர் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது காத்திருக்கக்கூடிய வருத்தமா, காத்திருக்காத வருத்தமா என்பது தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ளதை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

முதல் படி: வந்த முதல் வாரத்தில் செய்யவேண்டியது

உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரி எது என்று பாருங்கள். பட்டினத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. இவை தவிரச் சின்ன ஆஸ்பத்திரிகளும் ஆங்காங்கே இருக்கின்றன. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியமும் மருந்தும் இலவசம். அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள், அதற்கு மட்டும் கொஞ்சம் காசு வைத்திருங்கள்.

1990 என்பது சுவசெரிய அம்புலன்ஸ். இதுவும் இலவசம். தமிழில் கதைக்கலாம். அழைக்கும்போது வீட்டு இலக்கத்தைவிடப் பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை, சந்தி ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள், வண்டி விரைவாக வந்து சேரும். ஒரு ஆளை வீதி முனையில் நிறுத்தினால் இன்னும் நல்லது.

அப்புறம், ஒரு கொப்பி. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன வருத்தம், என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எந்த மருந்து ஒத்துவராது என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வார்ட்டில் உள்ள டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குச் சிங்களம் தெரியாமல் இருக்கலாம். மருந்தின் பெயர் எழுதிய தாள் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி. "காலையில் ஒரு வெள்ளைக் குளிசை, இரவில் ஒரு மஞ்சள்" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

உங்கள் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தையும் கேட்டறியுங்கள். எம்.ஓ.எச். ஒபிஸ் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப், அங்கேதான் இணைந்திருப்பார். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் 8 வாரத்துக்குள் அவரிடம் பதிந்துவிடுங்கள். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்யும் வெல் வுமன் கிளினிக்கும் இந்த வழியில்தான் கிடைக்கும். வெட்கத்தால் பல பெண்கள் போகாமல் விடுகிறார்கள். உள்ளே பரிசோதிப்பவர்கள் பயிற்சி பெற்றவர்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: காய்ச்சல் என்றால் நாட்களை எண்ணுங்கள்

இந்த ஊரில் ஐப்பசி மழை தொடங்கியதும் காய்ச்சலும் தொடங்கும். வாடைக்காற்று மழையோடு வாளி, பீலி, டயர், பூச்சாடித் தட்டு, மூடாத தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றிலும் நுளம்பு பெருகும். டெங்கைக் கொண்டுவரும் நுளம்பு பகலில் கடிக்கும், தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். 2017 இல் இலங்கை முழுவதும் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. பாடசாலைகள் மூடிக் கிடந்தன, வார்ட்டுகளில் கட்டில் போதவில்லை.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாள் என்று கலண்டரில் குறியுங்கள். முதல் இரண்டு நாளும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் வேண்டாம். மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும், அளவை டொக்டரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. இபுபுரூஃபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் போன்ற நோக் குளிசைகளைத் தொடவே வேண்டாம், டெங்காக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே அஸ்பிரின் எடுப்பவர் என்றால், காய்ச்சல் வந்த உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

குடிக்கக் கொடுப்பது வெறும் தண்ணீராக மட்டும் இருக்கக்கூடாது. கஞ்சி, இளநீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்), பால், உப்புப் போட்ட சூப் எல்லாம் நல்லது. பீற்றூட், சிவப்பு அல்லது மண்ணிறக் குடிபானங்களைத் தவிருங்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்ததா என்று தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் எஃப்.பி.சி. என்னும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், சீனி வருத்தம் உள்ளவர் என்றால் மூன்றாம் நாள் வரை பொறுக்காமல் முதல் நாளே காட்டுங்கள். ரிப்போட்டில் பிளேட்லெட் எண்ணிக்கை 100,000 க்குக் கீழே போனாலோ, ஒவ்வொரு நாளும் வேகமாக இறங்கினாலோ ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிவரும்.

இனிச் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். டெங்கில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிர்ந்ததும், "பிள்ளைக்குச் சுகம், நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பலாம்" என்று வீட்டில் ஆறுதல் அடைவார்கள். அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். வயிற்று நோ, ஓயாத சத்தி, கை கால் சில்லிடுதல், முரசில் இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, எழும்பி நிற்க முடியாத சோர்வு: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. பப்பாசி இலைச் சாறு கொடுத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்த வீடுகளில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாறு கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, அந்த ஒரு நாள் தாமதம்தான் உயிரை எடுக்கிறது.

காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தொட முடியாத அளவு நோகிறதா, கண் சிவந்திருக்கிறதா? கடந்த சில வாரங்களில் வயலிலோ வாய்க்காலிலோ இறங்கினீர்களா? அப்படியானால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தம்பலகாமம், கந்தளாய், சேருவில பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள் டொக்டர் கேட்காவிட்டாலும் "நான் வயலில் நின்றேன்" என்று தாங்களாகவே சொல்ல வேண்டும். நேரத்தோடு கண்டால் அன்டிபயோட்டிக் மருந்தில் குணமாகும். விட்டால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். விதைப்புக் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் என்ற தடுப்புக் குளிசையைப் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மூலம் இலவசமாகப் பெறலாம். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

மலேரியாவைப் பற்றிப் பழையவர்கள் பயந்து கதைப்பார்கள். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடுகளுக்கோ போய்வந்த பின் காய்ச்சல் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: நெஞ்சு நோவும் முகக் கோணலும் ஒரு நிமிடமும் காத்திருக்காது

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அப்பா நெஞ்செரிவு என்று எழும்பினார். முதல் நாள் இரவு கொத்துரொட்டி சாப்பிட்டிருந்தார். கேஸ்ரிக் என்று நாங்களே முடிவு கட்டினோம். பாமசியில் கேட்டபோதும் கேஸ்ரிக் மருந்துதான் தந்தார்கள். சுடுநீர் குடித்தார், இஞ்சி குடித்தார், படுத்தார். பத்து மணியளவில் வியர்த்துக் கொட்டி, இடது தோள் உளைகிறது என்றார். ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. உயிர் தப்பிவிட்டார். ஆனால் அந்த ஐந்து மணித்தியாலத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனது, அது திரும்பி வரவில்லை. இன்றும் கோணேசர் கோயில் ஏற்றத்தை அப்பா நின்று நின்றுதான் ஏறுகிறார்.

அதனால் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், சீனியோ பிரஷரோ உள்ளவர், புகைப்பவர் யாருக்காவது நெஞ்சில் இறுக்கமோ எரிவோ வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் விடவில்லை என்றால், அது கேஸ்ரிக் என்று ஈ.சி.ஜி. சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கும் வயதான பெண்களுக்கும் நோவே இல்லாமல் வெறும் மூச்சுமுட்டும் வியர்வையுமாகக்கூட மாரடைப்பு வரும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு 12 மணித்தியாலம் வரை இடம் உண்டு என்றாலும், முதல் மணித்தியாலத்தில் கொடுக்கும் மருந்துக்கும் பத்தாம் மணித்தியாலத்தில் கொடுப்பதற்கும் பலனில் பெரிய வித்தியாசம். ஆளை நடக்க விடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு போகாதீர்கள். 1990 ஐ அழையுங்கள்.

பாரிசவாதமும் இப்படித்தான். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ நேரத்தைப் பாருங்கள். கடைசியாக ஆள் நன்றாக இருந்த நேரம் எது என்று டொக்டர் கேட்பார். கட்டி கரைக்கும் ஊசி போடக்கூடியவர்களுக்கு அதை நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும். எண்ணெய் பூசி உருவிக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். வாயில் தண்ணீரோ குளிசையோ கொடுக்கவும் கூடாது, புரைக்கேறும்.

நான்காம் படி: சீனியும் பிரஷரும்

இவை காத்திருக்கும் வருத்தங்கள். ஆனால் சும்மா காத்திருக்காது, உள்ளே வேலை செய்துகொண்டே காத்திருக்கும். கண், சிறுநீரகம், கால் நரம்பு, இதயம் என்று வருடக்கணக்கில் அரிக்கும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

35 வயதைத் தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரியோடும் எம்.ஓ.எச். ஒபிஸோடும் இணைந்து நடக்கும் எச்.எல்.சி. என்ற ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தி, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். தேநீர்கூட வேண்டாம். வெறுவயிற்றுச் சீனி 100 க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி பரிசோதித்து உறுதி செய்வார்கள். எச்.பி.ஏ.வன்.சி. என்பது கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்லும், அது 6.5 ஐ எட்டினால் சீனி வருத்தம். பிரஷர் 140/90 க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருந்தைப் பற்றிக் கதைப்பார்கள்.

கிளினிக் எப்படி நடக்கும் என்று தெரியாமல்தான் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஓ.பி.டி. என்ற வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து டொக்டரிடம் காட்டினால் அவர் கிளினிக்குக்கு எழுதித் தருவார். அங்கே உங்களுக்கு ஒரு கிளினிக் கொப்பியும் அடுத்த திகதியும் கிடைக்கும். அந்தக் கொப்பியைத் தங்கம்போல வைத்திருங்கள். வேறு ஊர்க் கிளினிக்கிலிருந்து மாறி வந்தவர் பழைய கொப்பியையும் ரிப்போட்டுகளையும் கொண்டுவந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. சனம் நிறைய இருக்கும், இலக்கம் எடுக்க வெள்ளெனப் போக வேண்டும். சாப்பாட்டுக்கு ஏதாவது கையோடு கொண்டுபோங்கள். குளிசை எடுத்துவிட்டு வரிசையில் பட்டினியாக நின்று மயங்கி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவசரமில்லாத சந்தேகங்களுக்குப் பின்னேரம் சனல் பண்ணி அதே துறை டொக்டரைத் தனியாகச் சந்திப்பவர்களும் உண்டு. காசு இருந்தால் அதுவும் வழி. மாதாந்த மருந்துக்குக் கிளினிக் போதும்.

குளிசையைப் பற்றி ஒரு விஷயம். சீனி இறங்கியதும் "சுகமாகிவிட்டது" என்று நிறுத்தாதீர்கள், குளிசையால்தான் இறங்கியிருக்கிறது. மெட்போமின் வயிற்றைக் குழப்பினால் சாப்பாட்டோடு எடுத்துப் பாருங்கள். பிரஷருக்கு அம்லோடிப்பின் எடுத்துக் கணுக்கால் வீங்கினாலோ, எனலாப்பிரில் எடுத்து வறட்டு இருமல் வந்தாலோ அது அந்த மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம், போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்கள். மாற்று மருந்துகள் பல உண்டு.

நோன்பு பிடிப்பவர்களும் கந்தசஷ்டி போன்ற விரதம் இருப்பவர்களும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே டொக்டரிடம் கதைக்க வேண்டும். குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார். கிளிக்கிளசைட் என்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி மிகக் கீழே போகும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் விரதத்தை முறிப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

சாப்பாட்டில், குத்தரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்றும், பனங்கட்டியும் தேனும் சீனி இல்லை என்றும் நம்புகிறவர்கள் நிறையப் பேர். மூன்றும் சீனியை ஏற்றும், அளவுதான் கணக்கு. கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும் வந்தால் சோறு தானாகக் குறையும். பிரஷர் உள்ளவர்களுக்குக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உப்பின் ஒளிவிடங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு போதும். கடற்கரை ஊரில் கருவாட்டை விடச் சொல்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். புது மீன் இருக்கும் நாளில் கருவாடு வேண்டாமே.

சீனி உள்ளவர்கள் தங்கள் பாதங்களை ஒவ்வொரு இரவும் பாருங்கள். சூடான மணலில் வெறுங்காலோடு நடந்து, விறைத்த கால் என்பதால் கொப்புளம் தெரியாமல், அது புண்ணாகி விரல் எடுத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கோயில் வீதியில் மத்தியான வெயிலில் சுற்றுவதைத் தவிர்த்து வெள்ளென அல்லது பின்னேரம் போங்கள்.

ஐந்தாம் படி: கடியும் கடலும்

நாய், பூனை, கீரி எது கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரி. தடுப்பூசி இலவசம். விசர்நாய்க்கடி வருத்தம் வெளிப்பட்ட பிறகு அதற்கு வைத்தியமே இல்லை, அதனால் ஊசிகளில் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை ஆட்டாமல் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கத் தேவையில்லை. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர் விடியப்புறம் வயிற்று நோவோடு, இமை தூக்க முடியாமல் எழும்பினால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அந்தக் கடி நோகாது, அடையாளமும் தெரியாமல் போகும்.

கடலில் திருக்கை குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள சுடுநீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் காலை வைத்திருங்கள். நோவில் சூடு தெரியாது, அதனால் வேறொருவர் கையை விட்டுப் பார்க்கட்டும். பிறகு ஆஸ்பத்திரியில் முள் உடைந்து இருக்கிறதா என்று பார்த்து, ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட வேண்டும். சொறிமுட்டை பட்டால் தேய்க்காமல் கடல் நீரால் கழுவுங்கள். வெயிலில் கிடந்த சூரை, கும்பளா சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலையிடித்தால் அது பழுதான மீனில் ஊறிய நச்சு. சமைத்தாலும் அது போகாது. மூச்சுமுட்டு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஆறாம் படி: மற்றவை, சுருக்கமாக

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பக்கெட் ஒன்றை, அளந்தெடுத்த ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரையுங்கள், பாதிப் பக்கெட் பாதித் தண்ணீர் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். இரத்தம் போனாலோ குழந்தை அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ காட்டுங்கள். மூச்சுமுட்டு உள்ளவர்கள் நீல நிற இன்ஹேலரை முட்டு வரும்போது பாவிப்பார்கள், மண்ணிறம் தினமும் பாவிக்க வேண்டியது. முட்டு இல்லையே என்று மண்ணிறத்தை விடுவதால்தான் இரவில் ஓட வேண்டிவருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கு மார்புச் சிகிச்சை நிலையத்தில் ஆறு மாத மருந்து இலவசம், முழுதாக எடுத்தால் மாறிவிடும்.

கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் வரும்வரை பார்த்திருக்காமல் குடிக்க வேண்டும். உடம்பு உளைவுக்கு டைக்குளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டே வெயிலில் நிற்பது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. பதவி சிறிபுர பக்கம் சிறுநீரக வருத்தம் பரவலாக உள்ள பகுதி என்பதால் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் என்ற சிறுநீரக இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனம் சோர்ந்து, நித்திரை இல்லாமல், வாழ்வதில் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல உதவி இலக்கமான 1926 க்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. இங்கே பலர் அதைச் சொல்லாமல் சுமக்கிறார்கள். மனநலக் கிளினிக்கும் மற்றக் கிளினிக் போன்றதுதான், அதே வரிசை, அதே கொப்பி.

சித்த வைத்தியத்துக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. மூட்டு நோ, தோல் வருத்தம் போன்றவற்றுக்குப் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் நிறையப் பேர். போகும்போது கிளினிக் கொப்பியை அவரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் என்ன சூரணம் குடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இருவரும் தெரிந்துகொண்டால்தான் மருந்து மருந்தோடு மோதாது.

கடைசியாக, வார்ட்டில் தங்க நேர்ந்தால் கொண்டுபோகும் பை. கிளினிக் கொப்பி, எடுத்துக்கொண்டிருக்கும் குளிசைகள் பெட்டியோடு, அடையாள அட்டை, படுக்கை விரிப்பு, சாரம் அல்லது கவுன், துவாய், கோப்பையும் தம்ளரும், சுடுநீர்ப் போத்தல், சார்ஜர், பேனை ஒன்று. டெங்கு நோயாளி என்றால் அளவு குறித்த போத்தல் ஒன்றும் வையுங்கள், குடித்ததையும் சலம் போனதையும் மிஸ், அதாவது தாதி, எழுதச் சொல்வார். இந்தப் பையை மழை தொடங்குவதற்கு முன்பே கட்டி, கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.